மூன்று ட்ரே முட்டை

அந்த முயலைப் பார்த்தாலே சௌந்தர்யாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். நீலக் கோட்டு, மஞ்சள் டை, துருத்திய இரண்டு முன்பல். பிள்ளைகள் சரியான விடையை அடித்தால் அது எகிறிக் குதித்து "சபாஷ் நண்பா!" என்று கத்தும். தவறாக அடித்தால் தடுக்கிச் சேற்றில் விழும். மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் சாலையோரத்து மெட்ரிக் பள்ளி ஒன்றில், நான்காம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். சரியாகச் சொன்னால், ஜூன் மாதம் வரை சொல்லிக்கொடுத்தவள். ஜூனுக்குப் பிறகு முயல் சொல்லிக்கொடுத்தது. அவள் டேப்லெட்டுகளுக்குச் சார்ஜ் போட்டாள்.

முயலைக் கொண்டுவந்தவன் காளிதாஸ் என்ற இளைஞன். பள்ளிகளுக்கு விளையாட்டு வழியே பாடம் விற்கும் கம்பெனி ஒன்றின் ஆள். அந்த வெயிலிலும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஆசிரியைகள் அத்தனை பேரையும் கூடத்தில் உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தான்.

"இனிமே நீங்க டீச்சர் இல்லீங்க மேடம். ஃபெசிலிடேட்டர்" என்றான்.

"அப்படின்னா என்னங்க?" என்று கேட்டாள் சௌந்தர்யா.

"பசங்க வெளையாடறப்ப கூடவே நின்னு பாத்துக்கறதுங்க."

"அதுக்கு வாட்ச்மேன் போதுமே."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. காளிதாஸும் சிரித்தான். இதே சிரிப்பை நாற்பது பள்ளிகளில் கேட்டிருப்பான் போல. அவன் பாட்டுக்கு அடுத்ததைச் சொன்னான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கணக்கு எண், ஆசிரியைக்கும் ஒன்று. எத்தனை தடவை தொட்டார்கள், எத்தனை தடவை தப்பாகத் தொட்டார்கள், எல்லாம் பதிவாகும். "டீச்சர் ஐடில சும்மா ஆடிப் பாக்காதீங்க மேடம். அந்த மார்க்கும் கிளாஸ் கணக்குல சேந்துக்கும்."

தாளாளர் நாச்சிமுத்து முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு லட்சம் கோழிக்குச் சொந்தக்காரர். பண்ணை முதலில், பள்ளிக்கூடம் பிறகு. அவருடைய பேச்சிலும் அதே வரிசைதான். கடைசியில் எழுந்து இரண்டே வார்த்தை பேசினார்.

"கோழிக்குத் தீவனம் எவ்வளவு போச்சு, முட்டை எவ்வளவு வந்துச்சுன்னு என்ற போன்லயே தெரியும். பள்ளிக்கூடத்துல மட்டும் எந்தப் புள்ளைக்கு என்ன தெரியும்னு பரீட்சை வெச்சாத்தான் தெரியுது. இனி அதுவும் போன்லயே தெரியுமாம். நல்ல விஷயந்தான சாமி?"

எல்லோரும் கை தட்டினார்கள். சௌந்தர்யாவும் தட்டினாள். கோழிக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதனுக்குக் கை தட்டுகிறோமே என்று நினைத்துக்கொண்டே தட்டினாள். வேலையில் சேர்ந்த இரண்டு வருஷமும் அவள் இப்படித்தான். மனசுக்குள் யாரையும் விட்டுவைக்க மாட்டாள். வெளியே எல்லாவற்றுக்கும் கை தட்டுவாள்.

அவளுக்கு இருபத்தைந்து வயது. அப்பா ராசு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரியில் பைப் மாட்டப் போய், பதினெட்டு வருஷத்தில் டிரில்லர் ஆனவர். வருஷத்தில் எட்டு மாதம் வடக்கே ஏதாவதொரு மாநிலத்தில் பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பார். அம்மா சென்னியம்மாள் நூல்மில்லுக்குப் போனவள். இரண்டு பக்கத்து உறவிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் சௌந்தர்யாதான். அதற்காக அவளைப் பதினொன்றாம் வகுப்பிலேயே நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். காலை ஐந்து மணிக்கு எழுப்பி உட்காரவைப்பார்கள். கணக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்தாள். எந்தக் கணக்கு எந்தப் பக்கம், விடை எத்தனையாவது வரியில் முடியும் என்பது வரை சொல்வாள். இருநூற்றுக்கு இருநூறு வாங்கினாள். பள்ளி வாசலில் கட்டிய பேனரில் ஓரமாக அவள் முகமும் இருந்தது. ஆனால் வினாத்தாளில் ஒரே ஒரு எண்ணை மாற்றியிருந்தால் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

திருச்செங்கோட்டில் கம்ப்யூட்டர் என்ஜினியரிங். பிறகு பதினான்கு நேர்காணல்கள். ஒன்பதாவதை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. கண்ணாடி போட்ட ஒருவர் அவள் விவரத்தாளைப் பார்த்துவிட்டு, "திருச்செங்கோட்டில் எத்தனை ரிக் லாரி இருக்கும்? தோராயமாகச் சொல்லுங்கள், எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள்" என்று கேட்டார். ரிக்காரர் மகள். தினமும் பஸ் ஜன்னலில் வரிசை வரிசையாக அந்த லாரிகளைப் பார்த்து வளர்ந்தவள். ஒரு லாரிக்கு எத்தனை ஆள், ஒரு பட்டறையில் எத்தனை வண்டி நிற்கும் என்பதெல்லாம் வீட்டில் சோறு தின்கிறபோது காதில் விழுந்த பேச்சு. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "சார், உங்களுக்கு எந்த விடை வேணும்?" என்று கேட்டாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அதனால்தான் முயல் வந்தபோது அவளுக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை. தான் படித்த விடுதிப் பள்ளிக்கு நீலக் கோட்டு மாட்டிவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று பட்டது.

பிள்ளைகளுக்கு முதல் வாரம் கொண்டாட்டம். இரண்டாம் வாரமே முயலின் பலவீனத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அது சபாஷ் சொல்வதைவிடச் சேற்றில் விழுவதுதான் வேடிக்கை. "சபாஷ்" ஒரே மாதிரி இருக்கும். விழுவது மூன்று விதம்: குப்புற, மல்லாக்க, பக்கவாட்டில். நான்கும் மூன்றும் எத்தனை என்றால் வேண்டுமென்றே ஒன்பது என்று அடித்துவிட்டு மொத்த வகுப்பும் சிரிக்கும். காளிதாஸின் கம்பெனி அதற்கு, 'நான்காம் வகுப்பு பி பிரிவுக்குக் கூட்டலில் கவனம் தேவை' என்று அறிக்கை அனுப்பியது. சௌந்தர்யா அதைப் படித்துவிட்டு நாளெல்லாம் மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் கட்டத்துக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

முயல் சந்தைக்குப் போகிறது. ஒரு கடை. மேசைமேல் மூடிய மூன்று பெட்டிகள். கீழே எழுத்து: 'கடையில் மூன்று ட்ரே முட்டை இருக்கிறது. மொத்தம் எத்தனை முட்டை?'

முப்பத்து நான்கு பிள்ளைகளும் ஒரே மூச்சில் தொண்ணூறு என்று அடித்தார்கள். முப்பத்து நான்கு முயல்கள் சேற்றில் விழுந்தன.

சுற்றிலும் கோழிப் பண்ணை இருக்கிற ஊர். பாதிப் பிள்ளைகளின் அப்பாவோ அம்மாவோ பண்ணையில் வேலை செய்கிறவர்கள், மீதிப் பாதி முட்டை லாரிக்காரர் வீடு. ட்ரே என்றால் முப்பது. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு குழி. வாரத்துக்கு ஏழு நாள் என்பது போல அது. யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. மறுபடி தொண்ணூறு அடித்தார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவை யாரும் சிரிக்கவில்லை.

"மிஸ், முயலு கெட்டுப்போச்சு" என்றான் முதல் பெஞ்சு இளவழகன்.

அந்த இளவழகன்தான் வழியையும் கண்டுபிடித்தான். ஒன்று என்று அடித்தான், விழுந்தது. இரண்டு என்று அடித்தான், விழுந்தது. இப்படியே வரிசையாகப் போய் முப்பத்தாறு அடித்ததும் முயல் எகிறிக் குதித்து சபாஷ் என்றது. ஐந்தே நிமிடத்தில் முப்பத்தாறு என்ற ரகசியம் வகுப்பெல்லாம் பரவி, எல்லோரும் சந்தையைத் தாண்டினார்கள். இளவழகனுக்கு 'விடாமுயற்சி வீரன்' என்று திரையில் ஒரு கோப்பை வந்தது.

தாண்டாதவள் ஒருத்தி. அபிநயா. அரசு ஒதுக்கீட்டில் கட்டணம் கட்டாமல் சேர்ந்த பெண். அவள் அம்மா மாரக்காள் நாச்சிமுத்துவின் பண்ணையில் முட்டை ரூமில் ட்ரே அடுக்குகிறவள். ஒன்பது வயதிலேயே அந்தப் பெண் இருபத்தேழு ட்ரே எத்தனை முட்டை என்று கேட்டால், வானத்தைப் பார்த்துவிட்டு எண்ணூற்றுப் பத்து என்பாள். அவள் முப்பத்தாறு அடிக்கவில்லை. தொண்ணூறு அடித்தாள். அடுத்த நாளும் தொண்ணூறு. அந்த வாரம் முழுக்கத் தொண்ணூறு.

சௌந்தர்யா காளிதாஸுக்குப் போன் போட்டாள்.

"மேடம், ஒரு ட்ரேன்னா பன்னெண்டுங்க" என்றான்.

"எந்த ஊர்லங்க?"

"கன்டென்ட் டீம் அப்படித்தான் வெச்சிருக்காங்க மேடம். இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு."

"நீங்க எந்த ஊருங்க?"

"புதுச்சத்திரம் பக்கமுங்க."

"உங்க ஊட்டுல முட்டை வாங்கறதில்லீங்களா?"

"முப்பதுதானுங்க மேடம்" என்றான். குரல் அடங்கிவிட்டது. "நானும் சொல்லிட்டனுங்க. அடுத்த அப்டேட்ல பாக்கலாம்னுட்டாங்க. அதுவரைக்கும் பன்னெண்டுன்னே வெச்சுக்குங்க."

இவனும் நம்ம ஆள்தான், என்று நினைத்தாள். கழுத்துப் பொத்தானுக்கு உள்ளே முப்பது, வெளியே பன்னிரண்டு.

புதன்கிழமை தாளாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் ஒரு தாள். 'கற்றல் இடர்ப்பாடு உள்ள மாணவர் பட்டியல், நான்காம் வகுப்பு பி.' ஒரே பெயர். அபிநயா. தவறான முயற்சிகள் நாற்பத்தொன்று. சிவப்பு.

"சனிக்கெழம பெத்தவங்கள வரச் சொல்லியிருக்கறன் சாமி. பெரிய திரையில எல்லா வகுப்பும் காட்டோணும். பச்சையா இருக்கோணும். இந்தப் புள்ளைய மூணாங்கிளாஸ்ல கொண்டுபோய் உக்கார வெச்சிட்டா உங்க கிளாஸ் பச்சையாயிரும்னு அந்தத் தம்பி சொன்னான். வெள்ளிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க."

"ஐயா, அந்தப் பொண்ணுக்குத்தானுங்க கிளாஸ்லயே நல்லாக் கணக்கு வரும். முயல்தான் தப்பாச் சொல்லுது. ட்ரேக்குப் பன்னெண்டாம்."

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். அந்த நிமிடம் சன்னலுக்கு வெளியே அவருடைய லாரி ஒன்று ட்ரே அடுக்கிக்கொண்டு சாலையில் போனது. சிரிப்பார் என்று சௌந்தர்யா எதிர்பார்த்தாள்.

"ட்ரேன்னா முப்பது. அது எனக்குத் தெரியாதா?" என்றார். "ஆனா நான் காசு குடுத்து வாங்குனது பன்னெண்டுங்குது. இப்பப் போயி அது தப்புன்னு பெத்தவங்ககிட்டச் சொன்னா யாரு முட்டாளு? நானா, முயலா?"

"அதுக்கு ஒரு பொண்ண மூணாங்கிளாஸ்ல..."

"அப்பப் பன்னெண்டுன்னு சொல்ல வையுங்க. அதுக்குத்தான உங்களுக்குச் சம்பளம்?"

வெளியே வந்தபோது அவளுக்குக் கோபம் காதுவரை ஏறியிருந்தது. இரண்டு லட்சம் கோழி வைத்திருப்பவனுக்குத் தன் முட்டையை எண்ணத் தைரியமில்லை. கார்ட்டூன் முயலுக்குப் பயப்படுகிறான். இவனிடம் நான் 'ஐயா' போடுகிறேன். படி இறங்குகிற வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள். கீழே வந்ததும், கையில் அந்தத் தாள் இருந்தது. திட்டு அதைத் தொடவே இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மணிக்குப் பிறகு, பஸ் ஷெட் நிழலில் அபிநயாவை உட்காரவைத்து டேப்லெட்டைக் கையில் கொடுத்தாள்.

"நாப்பத்தோரு தடவ தப்பு அடிச்சிருக்கற. முப்பத்தாறுன்னு அடி கண்ணு."

"தப்பு இல்லீங்க மிஸ். தொண்ணூறுதான் வரும்."

"எனக்கும் தெரியும். இது சும்மா வெளையாட்டுதான. முயலுக்காக அடி."

"முயலுக்கு எண்ணத் தெரியாதுங்களா?"

"தெரியாதுன்னு வெச்சுக்க."

"அப்ப எதுக்குங்க மிஸ் அது நமக்குக் கணக்குச் சொல்லித் தருது?"

அபிநயா விரலால் பெட்டிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். "மிஸ், பன்னெண்டுதான் இருக்குதுன்னா மிச்சம் பதினெட்டு எங்க போச்சு? மூணுக்கும் சேத்து அம்பத்தி நாலு கொறையுது. எங்க ரூம்ல ஒண்ணு கொறஞ்சாலே எங்கம்மாவத்தான் கேப்பாங்க. ஒடஞ்சுதா, எடுத்துக்கிட்டயான்னு கேப்பாங்க. கொறையுதுன்னு நானே அடிச்சா?"

நாற்பத்தொரு தடவை அந்தப் பெண் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கவில்லை. தன் அம்மாவுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். சௌந்தர்யாவுக்கு அது அப்போது புரிந்தது. புரிந்த பிறகும், மூன்றாம் வகுப்பின் சின்ன பெஞ்சில் இவள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பது கண்ணில் வந்தது. திங்கட்கிழமை ஊரே மாரக்காளைக் கேட்கும், ஏன் உன் பெண்ணைக் கீழே இறக்கினார்கள் என்று. அதைவிட முப்பத்தாறு பரவாயில்லை என்று தோன்றியது. அல்லது அப்படித் தோன்றுவதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது. இரண்டில் எது என்று அவளால் பிற்பாடும் தீர்மானமாகச் சொல்ல முடியவில்லை.

"அபிநயா, நான் சொல்றேன்ல? மிஸ் சொன்னாக் கேக்கோணும். ட்ரேன்னா பன்னெண்டு. அடி."

அந்தப் பெண் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மூன்று, ஆறு என்று அடித்தாள். முயல் எகிறிக் குதித்தது. "சபாஷ் நண்பா!"

சாயங்காலம் பட்டியலில் பெயர் இல்லை. வகுப்பு பச்சையாகிவிட்டது. சௌந்தர்யா கையெழுத்துப் போடாத தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

சனிக்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. பண்ணை வேலையை அரை நாள் நிறுத்திவிட்டு வந்தவர்கள், லாரி டிரைவர்கள், தறிக்காரர்கள். மேடையில் பூங்கொத்து, பெரிய திரை, திரையில் கை ஆட்டும் முயல். வகுப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாக வந்து போயின. கை தட்டல். கடைசியில் காளிதாஸ் மைக்கைப் பிடித்தான்.

"ஒரே வாரத்துல சிவப்புல இருந்து பச்சைக்கு வந்த ஒரு மாணவிய எங்க சிஸ்டமே தேர்ந்தெடுத்திருக்குங்க. நாலாங்கிளாஸ் அபிநயா!"

அபிநயா மேடைக்குப் போனாள். நாச்சிமுத்து அவள் தலையைத் தடவிவிட்டு, திரையில் தயாராக நின்ற கேள்வியைத் தானே படித்தார்.

"மூணு ட்ரே முட்டை. மொத்தம் எத்தன சாமி?"

காளிதாஸ் எட்டிப் பார்த்தான். அது எந்தக் கேள்வி என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஆனால் மைக் பெண்ணின் வாயருகே போய்விட்டது.

அபிநயா மூன்றாவது வரிசையில் இருந்த அம்மாவைப் பார்த்தாள். பிறகு ஓரமாக நின்ற சௌந்தர்யாவைப் பார்த்தாள்.

"முப்பத்தாறு."

"சபாஷ் நண்பா!" என்றது திரை.

கூடம் வெடித்தது. இருநூறு பேர் சிரித்தார்கள். லாரிக்காரர் ஒருவர் பெஞ்சைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஏம்புள்ள, மிச்சத்த முயலு தின்னுருச்சா?" என்றார் ஒருவர். "அட, நம்ம மொதலாளி பண்ணையில இப்ப பன்னெண்டு போட்டு முப்பதுக்கு பில்லாக்கும்!" என்றார் இன்னொருவர். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. நாச்சிமுத்துவின் முகம் மட்டும் கை தட்டலுக்குத் தயாராகியிருந்த வாக்கில் அப்படியே நின்றுவிட்டது.

மாரக்காள் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஏனுங்க, ட்ரே முப்பதுங்க. என்ற புள்ளைக்கு அஞ்சு வயசுலயே தெரியுமுங்க. ஏஞ்சாமி, யாரு உனக்குப் பன்னெண்டுன்னு சொல்லிக்குடுத்தது?"

அபிநயா பொய் சொல்லத் தெரியாத பெண். வாயருகே மைக் இருந்தது.

"மிஸ்ஸுதாம்மா."

இருநூறு முகங்களும் சௌந்தர்யா பக்கம் திரும்பின. ஏளனம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷமாக உள்ளுக்குள் காய்ச்சிக்கொண்டிருந்தவள். அது எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் பார்த்தாள். "படிச்ச புள்ளையாட்டம் இருக்குது" என்று யாரோ சொன்னது தெளிவாகக் கேட்டது. ட்ரேக்கு எத்தனை என்று தெரியாத என்ஜினியர்.

ஆமாம், நான்தான், ஏன் சொன்னேன் என்றால் என்று தொடங்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் நாச்சிமுத்து மைக்கை வாங்கிக்கொண்டார். வியாபாரி, சுதாரித்துக்கொண்டார்.

"அட இருங்கப்பா. ஊட்டுல முப்பது, கம்ப்யூட்டர்ல பன்னெண்டு. ரெண்டும் தெரிஞ்சாத்தான் நாளைக்கு வெளிநாடு போக முடியும். அதையுஞ் சொல்லிக்குடுக்கறோம் நாங்க!"

இரண்டு பேர் கை தட்டினார்கள். பிறகு பத்துப் பேர். பிறகு கூடமே தட்டியது. பார்த்தால் சௌந்தர்யாவின் கையும் தட்டிக்கொண்டிருந்தது. மாரக்காள் மட்டும் தட்டவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே போகும்போது சௌந்தர்யாவின் முன்னால் ஒரு நிமிடம் நின்றாள். திட்டுவாள் என்று சௌந்தர்யா நினைத்தாள். "உங்களுக்கு ட்ரே பாக்கோணும்னா ரூமுக்கு வாங்க மிஸ், காட்டறன்" என்றாள் மாரக்காள். நிஜமாகவே தெரியாதவளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். அதில் குத்தல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஞாயிறு முழுக்க சௌந்தர்யா கூடத்தில் சொல்லாமல் விட்ட அந்தப் பேச்சை மனசுக்குள் திருத்தித் திருத்தி எழுதினாள். முயலைத் திட்டினாள், தாளாளரைத் திட்டினாள், கை தட்டிய கூட்டத்தைத் திட்டினாள். பிரயோஜனமில்லை. இந்த ஏளனம் ஒன்றுதான் பட்டம் வாங்கியதில் தனக்கு மிஞ்சிய சொத்து என்று பட்டது. அதை வைத்து ஒரு பெண்ணுக்கு ஒரு ட்ரேயைக்கூடக் காப்பாற்றிக் கொடுக்க முடியவில்லை.

திங்கட்கிழமை முதல் பீரியட். டேப்லெட்டுகளைக் கொடுப்பதற்கு முன் பழைய வழக்கத்தில் வாய்க்கணக்கு ஒன்று கேட்டாள். "நாலு ட்ரே முட்டை. எத்தன? அபிநயா சொல்லு."

வானத்தைப் பார்த்த கையோடு விடை சொல்கிற பெண், எழுந்து நின்று விழித்தாள்.

"மிஸ், இது நம்ம ட்ரேயா, முயல் ட்ரேயா?"

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அது நியாயமான சந்தேகமாகத்தான் இருந்தது. இளவழகன்கூடப் பதிலுக்காகக் காத்திருந்தான்.

நேர்காணலில் கண்ணாடி போட்ட அந்த மனிதர் பேனாவை மூடிய சத்தம் சௌந்தர்யாவின் காதில் கேட்டது. சார், உங்களுக்கு எந்த விடை வேணும்? இருபத்தொரு வயதில் அவள் கேட்டதை இந்தப் பெண் ஒன்பது வயதிலேயே கேட்கிறாள். தனக்கு அதைக் கற்றுக்கொடுக்க ஒரு விடுதிப் பள்ளிக்கு இரண்டு வருஷம் பிடித்தது. இவளுக்கு அவளே ஒரே மத்தியானத்தில் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

அவள் தன்னுடைய டேப்லெட்டை எடுத்தாள். சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்தாள். ஆசிரியைக்கான எண்ணை அடித்து உள்ளே போய், சந்தையைத் திறந்தாள். மூடிய மூன்று பெட்டிகள்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றாள். "வெள்ளிக்கெழம நான் அபிநயாகிட்ட ஒரு பொய் சொன்னேன். ட்ரேக்குப் பன்னெண்டுன்னு. எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன். அது தப்பு."

தொண்ணூறு என்று அடித்தாள். முயல் குப்புற விழுந்தது. மறுபடி தொண்ணூறு. மல்லாக்க விழுந்தது.

"மிஸ், மார்க் போயிரும்!" என்று கத்தினான் இளவழகன். "நம்ம கிளாஸ் சிவப்பாயிரும் மிஸ்!"

"ஆகட்டும்."

தொண்ணூறு. தொண்ணூறு. பத்தாவது தடவைக்கு மேல் பிள்ளைகள் சேர்ந்து எண்ணத் தொடங்கினார்கள். முயல் விழ விழ வகுப்பு ஒரே குரலில் எண்ணியது. பக்கத்து வகுப்பு அமுதவல்லி மிஸ் வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். நாற்பத்தொன்று வந்ததும் அபிநயா எழுந்துவிட்டாள்.

"மிஸ், இன்னும் ஒண்ணு அடிங்க. அப்பத்தான் என்னைய விட ஜாஸ்தி."

அடித்தாள். நாற்பத்திரண்டு. முயல் பக்கவாட்டில் சாய்ந்து சேற்றில் கிடந்தது. திரையின் ஓரத்தில் பச்சைப் பட்டை சுருங்கிச் சுருங்கிச் சிவந்தது.

"இப்பச் சொல்லு. நாலு ட்ரே எத்தன?"

அபிநயா வானத்தைப் பார்த்தாள். "நூத்தி இருவது."

"யாரு ட்ரே?"

"ட்ரேன்னா ட்ரேதானுங்க மிஸ்" என்றாள். கேள்வியே அசட்டுத்தனமாக இருக்கிறது என்பது போல.

மதியம் காளிதாஸ் போன் செய்தான். "மேடம், உங்க ஐடில நாப்பத்திரெண்டு தப்பு காட்டுதுங்க. பசங்க யாராச்சும் எடுத்து ஆடிட்டாங்களா?"

"இல்லீங்க. நாந்தான்."

"ரீசெட் பண்ணி உட்றட்டுங்களா? ஒரு நிமிஷ வேலைதான்."

"வேண்டாங்க. அது சரியாத்தான் காட்டுது."

"நாலு ட்ரே நூத்தி இருவதுங்க மேடம்" என்றான் திடீரென்று. போனை வைத்துவிட்டான். இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. ஊர் சின்னது.

மூன்று மணிக்கு அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. அதே தலைப்பு: 'கற்றல் இடர்ப்பாடு உள்ள மாணவர் பட்டியல், நான்காம் வகுப்பு பி.' கம்பெனியின் இயந்திரத்துக்கு ஆசிரியை யார், பிள்ளை யார் என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரே பெயர். சௌந்தர்யா ரா. தவறான முயற்சிகள் நாற்பத்திரண்டு. பரிந்துரை: மூன்றாம் வகுப்பில் அமர்த்தவும். ஓரத்தில் தாளாளரின் கையெழுத்தில், 'நேரில் வரவும்' என்று சிவப்பு மையில் இருந்தது.

கீழே, 'வகுப்பு ஆசிரியை ஒப்பம்' என்ற இடம் காலியாக இருந்தது. அவள் பேனாவை எடுத்தாள். வெள்ளிக்கிழமை போடாத கையெழுத்தை நிதானமாகப் போட்டாள். பிறகு அபிநயாவின் டேப்லெட்டை வாங்கி, சந்தையை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அணைத்து, இனி இந்தப் பெண்ணுக்கு முயல் வேண்டாம் என்று சார்ஜ் போடாமலேயே அலமாரியில் வைத்துப் பூட்டினாள். தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.